பெயரும் பிரிவும்: பாக்டீரியா, பூஞ்சை வகைப்பாடு குறித்துச் சில குறிப்புகள்

1

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை. 'கருப்புப் பூஞ்சை' என்கிற சொல் திடீரென எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியிருந்தது. கவிதை எழுதும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஏங்க, இந்தப் பூஞ்சைங்கறது பாக்டீரியாவா, வைரஸா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ரெண்டும் இல்லன்னு நெனைக்கிறேன், படிச்சிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறுத்தியது. வகைப்படுத்தல் என்பதே அதிகாரத்தின் செயல்பாடு என்று பத்துப் பக்கம் எழுதக்கூடியவர்கள் நாங்கள் இருவருமே. லின்னேயஸ் என்கிற பெயரையே ஃபூக்கோ வழியாகத் தெரிந்துகொண்டவர்கள். ஆனால் வகைப்படுத்துகிறவர்கள் தினசரி என்னதான் செய்கிறார்கள், எதை வைத்துப் பிரிக்கிறார்கள், பிரித்தது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டால் நம்மிடம் சரக்கு இல்லை. இன்னொரு பக்கம், 'விஞ்ஞானம் சொல்லிவிட்டது' என்று கைகட்டி நிற்கும் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வகைப்பாடு என்பது இயற்கையில் ஏற்கனவே எழுதிவைத்திருப்பதைப் பார்த்து நகலெடுப்பது. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது இந்த மூன்று நான்கு வருட வாசிப்பில் எனக்குப் பட்டது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் நண்பரின் கேள்விக்குப் பதில். பூஞ்சை பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. மியூக்கார்மைக்கோசிஸ் என்கிற அந்நோயை உண்டாக்குபவை ரைசோபஸ் முதலான பூஞ்சைகள். அவை கருப்பும் இல்லை. ரத்தக்குழாய்களுக்குள் அவை நுழைந்து அடைப்பதால் செத்துப்போகும் நம் சதைதான் கருப்பு. உண்மையிலேயே கருநிறமுள்ள பூஞ்சைகள் வேறு உண்டு, அவற்றின் நோய்களும் வேறு. இது வெறும் சொல் பிசகு அல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ் என்கிற பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மருந்து ரைசோபஸிடம் எடுபடாது. அதற்கு ஆம்ஃபோடெரிசின் வேண்டும். அந்த மே மாதம் ஊர் ஊராக ஜனங்கள் அதைத் தேடித்தான் அலைந்தார்கள். எந்தப் பெட்டிக்குள் எந்த உயிரைப் போடுகிறோம் என்பதில் ஒருவரது கண்ணும் உயிரும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2

நம் வழக்கில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: கிருமி. "கிருமிதானே, ஒரு ஆன்டிபயாடிக் போட்டா போயிடும்" என்பது மருந்துக்கடை ஞானம். கிருமி என்பது சமஸ்கிருதத்தில் புழு. கண்ணுக்குத் தெரியாததையும் புழுவாகவே கற்பனை செய்திருக்கிறோம். இதைக் கேட்டு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. நவீன வகைப்பாட்டின் தந்தை எனப்படும் லின்னேயஸும் இதையேதான் செய்தார்.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக், தானே தேய்த்த கண்ணாடி வில்லை வழியாக நீரில் நெளியும் சிற்றுயிர்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு 1676 இல் கடிதம் எழுதினார். 1683 இல் தன் பல்லில் படிந்த அழுக்கிலும் அவற்றைக் கண்டதாக எழுதினார். லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' 1735 இல் வெளிவந்தது. அதில் உயிருள்ளவற்றுக்கு இரண்டே ராஜ்ஜியங்கள்: தாவரம், விலங்கு. இந்தச் சிற்றுயிர்களை எங்கே வைப்பது? பன்னிரண்டாம் பதிப்பில் அவற்றைப் 'புழுக்கள்' என்னும் வகுப்பின் கடைசியில் ஒரு பேரினத்துக்குள் தள்ளினார். அந்தப் பேரினத்தின் பெயர் 'கேயாஸ்', அதாவது ஒழுங்கற்ற குழப்பம். ஒழுங்கின் மாபெரும் பிரதி தன்னால் ஒழுங்குபடுத்த முடியாததற்குக் குழப்பம் என்று பெயரிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

அதே நூலின் 1758 பதிப்பு மனிதர்களையும் நிறத்தாலும் குணத்தாலும் நான்காகப் பிரித்து, ஆப்பிரிக்கர் மனம்போன போக்கில் நடப்பவர்கள் என்று எழுதியது. இதை எழுதிய கையும் அதை எழுதிய கையும் ஒன்றே என்பதை மறக்கக் கூடாது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த இருநூற்றைம்பது வருஷங்களில் அந்தக் 'குழப்ப'த்துக்குள் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இங்கே தொல்காப்பிய மரபியல் ஞாபகம் வரும். உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும் பகுதி. 'அன்றே சொன்னோம்' என்று மார்தட்டுவதற்காக இதை எடுக்கவில்லை. வகைப்படுத்த ஓர் அளவுகோல் வேண்டும் என்பதும், எதை அளவுகோலாக எடுக்கிறோமோ அதை ஒட்டியே ஏணி அமைகிறது என்பதும் அதில் தெளிவாகத் தெரிகிறது. புலன்களை எண்ணினால் மனிதன் உச்சியில் இருப்பான். வேறொன்றை எண்ணினால்?

3

பாக்டீரியாவுக்கு எதை எண்ணுவது என்பதே பிரச்சினை. இலை இல்லை, பூ இல்லை, எலும்பு இல்லை. 1872 இல் ஃபெர்டினாண்ட் கோன் என்கிற ஜெர்மானியத் தாவரவியலாளர் வடிவத்தை எடுத்துக்கொண்டார்: உருண்டை, குச்சி, இழை, சுருள். இன்றைக்கும் பாடப்புத்தகம் அங்கிருந்தே தொடங்குகிறது. ஆனால் உருண்டையாக இருப்பவையெல்லாம் உறவு என்று சொல்ல முடியாது. பந்தும் எலுமிச்சையும் உருண்டைதான்.

அடுத்த அளவுகோல் சாயம். 1884 இல் பெர்லினில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்கிற டேனிஷ் மருத்துவர், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைப் பளிச்சென்று காட்ட ஒரு வழி தேடினார். ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் விட்டு, ஆல்கஹாலால் கழுவினார். சில பாக்டீரியா ஊதாவைப் பிடித்துக்கொண்டன, சில விட்டுவிட்டன. தன் முறை குறையுள்ளது என்று அவரே அடக்கமாகத்தான் எழுதினார். வகைப்படுத்துவது அவர் நோக்கமே இல்லை. ஆனால் அந்தக் கழுவல் பாக்டீரிய உலகத்தையே இரண்டாகப் பிளந்தது: கிராம்-பாசிட்டிவ், கிராம்-நெகட்டிவ்.

இருமை எதிர்வு என்றால் நமக்குக் காது நிமிரும். 'நெகட்டிவ்' என்றதும் எதுவோ இல்லாதது என்றுதான் மனசு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பாசிட்டிவ் வகைக்குப் பெப்டிடோகிளைக்கன் என்னும் பொருளாலான தடித்த சுவர். நெகட்டிவ் வகைக்கு அந்தச் சுவர் மெல்லியது, ஆனால் அதற்கு வெளியே கூடுதலாக இன்னொரு சவ்வு. வான்கோமைசின் போன்ற மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பது அந்தச் சவ்வுதான். 'இல்லை' என்று பெயரிடப்பட்டதிடம்தான் ஒன்று அதிகமாக இருக்கிறது. சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் பார்வையிலிருந்து வைத்த பெயர் அது, பாக்டீரியாவின் பார்வையிலிருந்து அல்ல.

இதைச் சொல்லிவிட்டு, 'ஆகவே கிராம் வகைப்பாடு ஒரு கட்டமைப்பு' என்று எழுந்துபோய்விட முடியாது. கட்டமைப்புதான், ஆனால் அது பிடிக்கிற வித்தியாசம் நிஜமானது. இன்றும் ஆஸ்பத்திரியில் அரை மணிக்குள் முடிவு தெரியும் முதல் சோதனை அதுவே. அதே சமயம் அது ஏமாறும் இடங்களும் உண்டு. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது, சாயம் நிற்காது. சோதனை அதை 'நெகட்டிவ்' என்கும். வம்சாவழியிலோ அது பாசிட்டிவ் கூட்டத்திலிருந்து பிரிந்து, சுவரைத் தொலைத்த உயிர். ஓர் அளவுகோல் எங்கே வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது என்று இரண்டையும் சொல்லத் தெரிந்திருப்பதுதான் அதைப் புரிந்துகொண்டதற்கு அடையாளம்.

4

பூஞ்சைக்கு வருவோம். நம் வழக்கில் குப்பைமேட்டில் முளைப்பது காளான், ஊறுகாயில் படர்வது பூசணம், தோலில் வட்டமாய்ப் பரவுவது படர்தாமரை. இவை மூன்றும் ஒரே குடும்பம் என்று பாட்டிகள் நினைத்திருக்க மாட்டார்கள். ஐரோப்பிய விஞ்ஞானம் ஒரே குடும்பம் என்று கண்டது, ஆனால் அந்தக் குடும்பத்தைத் தாவரத்துக்குள் வைத்தது. அசையாமல் மண்ணில் நிற்கிறது, ஆகவே செடி! 1969 இல்தான் விட்டேக்கர் ஐந்து ராஜ்ஜியத் திட்டத்தை முன்வைத்துப் பூஞ்சைக்குத் தனி ராஜ்ஜியம் கொடுத்தார். அவர் எடுத்த முக்கியமான அளவுகோல், எப்படிச் சாப்பிடுகிறது என்பது. செடி வெயிலில் சமைக்கிறது, விலங்கு விழுங்குகிறது, பூஞ்சை வெளியே நொதிகளைக் கக்கி, உணவை அங்கேயே செரித்து உறிஞ்சிக்கொள்கிறது.

1993 இல் மூலக்கூறு ஒப்பீடுகள் இன்னும் ஒரு படி போயின. பூஞ்சையின் நெருங்கிய உறவு தாவரம் இல்லை, விலங்கு. காளானுக்குக் கத்தரிச்செடியைவிட நாம்தான் கிட்டத்துச் சொந்தம். பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின், நண்டு ஓட்டிலும் பூச்சியின் மேல்தோலிலும் இருக்கும் அதே பொருள். இந்தச் சொந்தத்தின் விலையையும் நாம்தான் கொடுக்கிறோம். பாக்டீரியாவிடம் நம்மிடம் இல்லாத உறுப்புகள் நிறைய, எனவே அவற்றைக் குறிவைத்து அடிக்கலாம். பூஞ்சையின் செல் நம் செல்லைப் போன்றது. ஆம்ஃபோடெரிசின் பூஞ்சையின் சவ்விலுள்ள எர்கோஸ்டெராலைப் பிடிக்கிறது. நம் சவ்விலோ அதன் சாயலில் கொலஸ்ட்ரால். மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பதற்கு இந்தச் சாயலும் ஒரு காரணம்.

மறுபக்கம், பூஞ்சை என்றே நினைத்திருந்த சிலவற்றை வெளியேற்றவும் வேண்டியிருந்தது. 1845 இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்குக் கருகல் நோயின் ஃபைட்டோஃப்தோரா, நூல்நூலாகப் பூஞ்சை போலவே வளரும். சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. வம்சத்தால் அது பழுப்புக் கடற்பாசிகளின் உறவு. எனவே எர்கோஸ்டெரால் உற்பத்தியைத் தடுக்கும் வழக்கமான பூஞ்சைக்கொல்லிகள் அதனிடம் செல்லாது. சாயல் வேறு, சொந்தம் வேறு என்பதை விவசாயி கைக்காசைச் செலவழித்துக் கற்றுக்கொள்கிறார்.

பூஞ்சையியலில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. பல பூஞ்சைகளுக்கு இரண்டு வாழ்க்கை: பாலினக் கலப்பில்லாமல் வித்து விடும் நிலை ஒன்று, கலந்து வித்து விடும் நிலை ஒன்று. இரண்டும் பார்க்க வேறு வேறு. இரண்டையும் வேறு வேறு ஆட்கள் கண்டு வேறு வேறு பெயரிட்டார்கள். சட்டமே அதை அனுமதித்தது. நம் நெற்பயிரின் குலைநோய்ப் பூஞ்சை ஒரு நிலையில் பைரிகுலேரியா, மறு நிலையில் மேக்னபோர்த்தே. பாலினநிலை கண்டுபிடிக்கப்படாதவற்றை மொத்தமாக வாரி ஒரு கூடையில் போட்டு, 'ஃபங்கை இம்பெர்ஃபெக்டை' - முழுமையுறாத பூஞ்சைகள் - என்றார்கள். எது முழுமை? கலவியும் சந்ததியும்! விக்டோரியக் குடும்ப ஒழுக்கம் நுண்ணோக்கிக்குள்ளும் எட்டிப் பார்த்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கூடையை ஒழுங்காகப் பிரிக்க உழைத்தவர்களில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் சி.வி. சுப்பிரமணியன் (1924-2016) முக்கியமானவர். வித்தின் நிறம், வடிவம் ஆகியவற்றைப் பார்த்துப் பிரித்து வந்த இடத்தில், வித்து எப்படி உருவாகிறது என்கிற நிகழ்முறையைப் பார்க்க வேண்டும் என்று 1953 இல் ஸ்டான்லி ஹியூஸ் சொன்னார். அவ்வழியில் சுப்பிரமணியன் 1962 இல் ஹைஃபோமைசீட்ஸ் வகைப்பாடு ஒன்றை முன்வைத்தார். 1971 இல் அவரது பெரிய நூல் வந்தது. வந்து முடிந்த உருவத்தைவிட உருவாகும் விதம் முக்கியம் என்கிற இந்தச் சிந்தனை நம் விமர்சனத் துறைக்கும் உபயோகப்படும். பூஞ்சை தாவர ராஜ்ஜியத்தை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டாலும் அதைப் படிக்க அவர் அமர்ந்திருந்த நாற்காலி தாவரவியல் துறையில் கிடந்தது என்பதையும் கவனிக்கலாம். துறைகள் உயிர்களைவிட மெதுவாகவே பரிணமிக்கின்றன.

2011 இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு இரட்டைப் பெயர்முறையை ஒழித்தது. 2013 ஜனவரி 1 முதல் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்தான்.

5

பாக்டீரிய உலகில் பெரிய உடைப்பு 1977 இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் வெளி உருவத்தை விட்டுவிட்டு ரிபோசோம் ஆர்.என்.ஏ.வைப் பார்த்தார்கள். புரதம் நெய்யும் தறி ரிபோசோம். எந்த உயிரானாலும் அந்தத் தறி உண்டு, செய்யும் வேலையும் ஒன்றே. எனவே அதில் எழுத்துப் பிழைகள் மிக மெதுவாகவே சேரும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்து எது எதன் பிரதி என்று கணிக்கும் பதிப்பாசிரியரின் வேலைதான் இது. ஒரே பிழை இரண்டு சுவடியில் இருந்தால் இரண்டும் ஒரே தாயேட்டிலிருந்து வந்திருக்கும் என்று உ.வே.சா. வழி வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அப்படி ஒப்பிட்டபோது மீத்தேன் உண்டாக்கும் சில உயிர்கள், நுண்ணோக்கியில் சாதாரண பாக்டீரியா போலவே தெரிந்தவை, வேறு பாட மரபைச் சேர்ந்தவையாக இருந்தன. பாக்டீரியாவிடமிருந்தும் தூரம், நம்மிடமிருந்தும் தூரம். இவைதாம் இன்று ஆர்க்கியா எனப்படுபவை. 1990 இல் வோஸ் உயிர்களை மூன்று பெரும்பிரிவுகளாக்கினார்: பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா. செடி, விலங்கு, பூஞ்சை எல்லாம் மூன்றாவதின் சில கிளைகள் மட்டுமே. மரியாதைக்குரிய பரிணாமவியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1998 இலும் இதை ஏற்கவில்லை. உள்ளமைப்பில் ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் இவ்வளவு ஒத்திருக்கும்போது தனிப்பிரிவு எதற்கு என்றார். இருவரும் கேட்ட கேள்விகளே வேறு. மேயர் 'எதைப் போல் இருக்கிறது?' என்கிறார். வோஸ் 'யாரிடமிருந்து வந்தது?' என்கிறார்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சங்கடம். 'யாரிடமிருந்து வந்தது' என்பது பிறப்பைக் கேட்கும் கேள்வி. பிறப்பை வைத்துப் பிரிப்பது என்றாலே நம் சமூகத்தில் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வோஸின் மரம் ஏணி அல்ல. அதில் மேல் கீழ் கிடையாது, இன்று உயிரோடிருக்கும் எல்லாமே கிளை நுனிகள். பிறப்பு உறவைச் சொல்கிறதே தவிரத் தகுதியைச் சொல்வதில்லை. ஜாதி பிறப்பைத் தகுதியாக மாற்றுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மேலும், பிறப்பு மட்டும் போதாது என்பதையும் பாக்டீரியாவே காட்டிவிட்டன. அவை பக்கத்தில் இருப்பவற்றிடமிருந்தும் மரபணு வாங்கிக்கொள்ளும். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவும் குடலில் வாழும் ஈ. கோலையும் மருந்து எதிர்ப்பைக் கைமாற்றிக்கொள்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959 இல் அறிவித்தார்கள். 2002 இல் ஈ. கோலையின் மூன்று ரகங்களை ஒப்பிட்டபோது, மூன்றிலுமாகக் கிடைத்த மொத்தப் புரத வகைகளில் மூன்றுக்கும் பொதுவானவை சுமார் 39 சதவீதமே. ஒரே பெயர், ஒரே இனம், பொதுச்சொத்தோ பாதிகூட இல்லை. மரம் என்கிற உருவகமே இங்கே தடுமாறி, வலை என்று சொல்ல வேண்டி வருகிறது. உடனே 'பாக்டீரியாவிடம் ஜாதி இல்லை பார்' என்று கவிதை எழுதக் கிளம்ப வேண்டாம். அவை கைமாற்றிக்கொள்வதில் நம்மைக் கொல்லும் சங்கதிகளும் உண்டு. சமத்துவத்துக்கான நியாயத்தை நுண்ணுயிரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை.

6

அப்படியானால் பாக்டீரியாவில் 'இனம்' என்பதுதான் என்ன? ஒரு நடைமுறை ஒப்பந்தம் என்பதே நேர்மையான பதில். 1987 இல் டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பார்த்து 70 சதவீதம் என்று எல்லை வைத்தார்கள். இப்போது முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு 95-96 சதவீத ஒற்றுமை என்கிறார்கள். இதே அளவுகோலை நம் மீது வைத்தால் மனிதரும் சிம்பன்சியும் ஒரே இனமாகிவிடுவோம். எண் இயற்கையிலிருந்து கண்மூடித்தனமாக விழவில்லை, பாக்டீரியா அந்த எல்லையைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகவே திரள்கின்றன. ஆனால் அந்த எண்ணைச் சட்டமாக்கியது மனிதர்கள்.

அந்தச் சட்டத்தை வேண்டுமென்றே மீறுவதும் உண்டு. மரபணுப்படி ஷிகெல்லா ஈ. கோலைக்குள் அடங்க வேண்டியது. அடக்கவில்லை. டாக்டர்களுக்குக் குழப்பம் வரும் என்று பெயரைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள். பிளேக் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸ், குடல் நோய் தரும் இன்னொரு யெர்சினியாவின் உட்பிரிவே என்று டி.என்.ஏ. காட்டியது. அப்படிப் பெயர் மாற்றவும் செய்தார்கள். ஆனால் 1985 இல் பெயரிடல் நீதிக்குழு அந்தப் பெயரை நிராகரித்தது. லேபிளைத் தப்பாகப் படித்து ஒருவர் பிளேக்கை அசட்டையாகக் கையாண்டால் உயிர் போகும். 'ஆபத்தான பெயர்' என்று நிராகரிக்கப் பாக்டீரியப் பெயரிடல் விதிகளிலேயே இடம் உண்டு. உண்மைக்கும் உயிருக்கும் நடுவே அங்கே உயிரைத் தேர்ந்தார்கள், தேர்ந்ததை மறைக்காமல் காரணத்தோடு எழுதியும் வைத்தார்கள். அதிகாரம் என்று இதையும் சொல்லலாம். ஆனால் காரணம் சொல்லும் அதிகாரத்தோடு வாதாட முடியும்.

வாதாட வேண்டிய இடமும் இருக்கிறது. ஒரு பாக்டீரியாவுக்கு முறைப்படி பெயர் கிடைக்க, அதன் உயிருள்ள வளர்ப்பை வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு சேமிப்பகங்களிலாவது ஒப்படைக்க வேண்டும். ஆய்வகத் தட்டில் வளரச் சம்மதிப்பவைக்கே பெயர். மண்ணிலும் கடலிலும் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்படி வளர்வதில்லை. அவற்றின் டி.என்.ஏ.வை மட்டும் படித்து இருப்பை அறிகிறோம். பெரும்பெரும் கிளைகளே இவ்வாறு பட்டா இல்லாமல் நிற்கின்றன. 'கேண்டிடேட்டஸ்', அதாவது விண்ணப்பதாரர் என்கிற தற்காலிக அடைமொழி 1990களில் வந்தது. மரபணு வரிசையையே ஆதாரமாக ஏற்கும் தனி விதித்தொகுப்பு 2022 இல் வந்தது. பழைய விதித்தொகுப்பினர் அதை ஏற்கவில்லை. லின்னேயஸின் 'கேயாஸ்' இன்னும் காலியாகவில்லை.

7

பெயரில் ஊர் ஒட்டிக்கொள்ளும் சங்கதியும் உண்டு. சால்மோனெல்லா உள்வகைகளுக்கு முதலில் கிடைத்த ஊரின் பெயரை வைப்பது வழக்கம். டப்ளின் உண்டு, நம் பரேலியும் உண்டு. இதற்கு யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் பல மருந்துகளை முறிக்கும் ஒரு நொதிக்கு 'நியூ டெல்லி' பெயர் வைக்கப்பட்டு, 2010 இல் லான்செட் இதழ்க் கட்டுரையால் அது உலகச் செய்தியானபோது இந்திய அரசு கொதித்தது. அந்த ஆய்வில் சென்னையில் சேகரித்த மாதிரிகளும் இருந்தன. பெயர் ஒரு நாட்டைக் களங்கப்படுத்துகிறது என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெயரைப் பற்றிய கூச்சல், சாக்கடையையும் மருந்துக்கடையையும் பற்றிய கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது. நாமும் அன்று பெயரைப் பற்றித்தான் பேசினோம்.

என் நண்பருக்கு ஒருவழியாகப் பதில் சொன்னேன். "இவ்வளவு இருக்கா!" என்றவர், "அப்ப நாம எழுதினதெல்லாம் தப்பா?" என்று கேட்டார். தப்பில்லை, பாதி. வகைப்பாடுகள் மனிதர்கள் செய்தவை என்பது வரை சரி. மனிதர்கள் செய்தவை என்பதாலேயே எல்லாம் ஒன்று என்பது சரியல்ல. எந்த அளவுகோல், யாருடைய தேவைக்கு, எதைத் தவறவிடுகிறது, தவறினால் திருத்த வழி இருக்கிறதா - இந்த நான்கையும் ஒவ்வொரு வகைப்பாட்டிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பூஞ்சையைச் செடி என்றவர்கள் திருத்திக்கொண்டார்கள், ஏனெனில் திருத்தத்தை எதிர்த்துப் பிழைக்க வேண்டிய நிலபுலன் அவர்களுக்கு அதில் குறைவு. மனிதரைப் பிரித்த வகைப்பாடுகளில் நிலபுலன் இருக்கிறது.

எழுதுகிற, மொழிபெயர்க்கிற நண்பர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோளோடு முடிக்கிறேன். எல்லாவற்றையும் 'கிருமி' என்று எழுதாதீர்கள். பாக்டீரியா என்றால் பாக்டீரியா, பூஞ்சை என்றால் பூஞ்சை. படர்தாமரைக்குப் பாக்டீரிய மருந்தை வாங்கித் தின்னும் ஜனங்கள் நம் பத்திரிகைகளையும் எப்போதாவது படிக்கக்கூடும்.